அட்மிரல் கிராடாக் ஏன் திரும்பிப் போகவில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

பிரிட்டிஷ் கடற்படை வரலாற்றைப் புரட்டினால், ரியர் அட்மிரல் சர் கிறிஸ்டோபர் கிராடாக் என்ற பெயர் பெரும்பாலும் ஒரே பத்தியில் வந்து போய்விடும். பலம் குறைந்த கப்பல்களோடு பலம் மிகுந்த எதிரி மீது பாய்ந்தார், இரண்டு கப்பல்களையும் சுமார் 1,600 பேரையும் பறிகொடுத்தார், தானும் மாண்டார் என்று எழுதிவிட்டு, கூடவே 'அசட்டுத் துணிச்சல்' என்று ஒரு சொல்லையும் சேர்த்துவிடுவார்கள். அந்தச் சொல் அவருக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். அதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

1862 ஜூலை 2ஆம் தேதி, வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஹார்ட்ஃபோர்த் என்ற ஊரில் பிறந்தவர். 12 வயதில் பிரிட்டானியா பயிற்சிக் கப்பலில் சேர்ந்தார். அப்புறம் கடல்தான் வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கப்பலை விட்டால் குதிரையும் நரி வேட்டையும்தான் அவருக்குப் பிடித்தவை. இளம் அதிகாரிகளுக்காகக் கப்பல் ஓட்டும் நுணுக்கங்களைப் பற்றிப் புத்தகமும் எழுதியிருக்கிறார்.

துணிச்சல்காரர், அதில் சந்தேகமில்லை. 1900இல் சீனாவில் அந்நியர்களை எதிர்த்து பாக்ஸர் கலகம் மூண்டபோது அலாக்ரிட்டி என்ற கப்பலுக்குத் தலைவராக இருந்தார். ஜூன் 17ஆம் தேதி பல நாட்டுப் படைகள் சேர்ந்து டாக்கூ கோட்டைகளைப் பிடித்தன. பிரிட்டிஷ் மாலுமிகளைக் கரையிறக்கி, முன்னால் நின்று நடத்திப் போனவர் கிராடாக். ஜெர்மானிய வீரர்களும் அன்று அதே அணியில் இருந்தார்கள். சீனாவில் செய்த பணிக்காக ஜெர்மன் பேரரசரிடமிருந்தும் அவருக்கு ஒரு விருது வந்தது. பின்னால் நடந்ததை நினைக்கும்போது அந்த விருது மனதை என்னவோ செய்கிறது.

1911 டிசம்பரில் இன்னொரு சம்பவம். இந்தியாவை நோக்கி வந்துகொண்டிருந்த டெல்லி என்ற பயணக் கப்பல், மொராக்கோவின் ஸ்பார்ட்டல் முனை அருகே புயலில் தரைதட்டி நின்றுவிட்டது. அரசர் ஐந்தாம் ஜார்ஜின் தங்கையும் அவர் கணவரும் இரண்டு மகள்களும் அதில் இருந்தார்கள். கிராடாக் அப்போது ரியர் அட்மிரல். அந்தப் பதவியில் இருப்பவர் கரையில் நின்று உத்தரவு போட்டாலே போதும். இவரோ கொந்தளிக்கும் அலையில் தானே படகில் இறங்கிப் போய் மீட்புப் பணியை நடத்தினார். சர் பட்டம் அதற்காகக் கிடைத்ததுதான்.

சரி, 1914க்கு வருவோம். முதல் உலகப் போர் தொடங்கியபோது வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடற்பகுதி கிராடாக்கின் பொறுப்பில் இருந்தது. பசிபிக்கில் ஜெர்மானிய வைஸ் அட்மிரல் ஃபான் ஸ்பீயின் படையணி. இந்த ஸ்பீ நமக்குச் சம்பந்தமில்லாதவர் அல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன், அவருடைய அணியிலிருந்து பிரித்து அனுப்பப்பட்ட கப்பல்தான். 'அவன் சரியான எம்டன்' என்று இன்றும் நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்த எம்டன். எம்டனை இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பிவிட்டு, மற்றக் கப்பல்களோடு ஸ்பீ தென் அமெரிக்கா பக்கம் போனார். அவரைத் தேடும் வேலை கிராடாக்கிடம் வந்தது.

கையில் இருந்ததைப் பாருங்கள். தளபதியின் கப்பல் குட் ஹோப். பிறகு மான்மத், கிளாஸ்கோ, பயணக் கப்பலுக்குப் பீரங்கி பூட்டிய ஒட்ரான்டோ. குட் ஹோப்பிலும் மான்மத்திலும் இருந்த மாலுமிகளில் பெரும்பாலோர் போர் அறிவித்ததும் அவசரமாகக் கூப்பிடப்பட்ட ரிசர்வ் ஆட்கள். சேர்ந்து பயிற்சி எடுக்க அவகாசமே கிடைக்கவில்லை. எதிர்ப்பக்கம் ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசனௌ என்ற இரண்டு கவசக் குரூசர்கள், அதாவது இரும்புக் கவசம் போட்ட வேகமான போர்க்கப்பல்கள். ஒவ்வொன்றிலும் எட்டு 21 சென்டிமீட்டர் பீரங்கிகள். ஜெர்மன் கடற்படையில் குறி தவறாமல் சுடுவதற்குப் பரிசு வாங்கிய கப்பல்கள் அவை.

கிராடாக் டிஃபென்ஸ் என்ற நல்ல கவசக் குரூசரைக் கேட்டார். லண்டனில் இருந்த கடற்படைத் தலைமையகம் கொடுத்தது கனோபஸ் என்ற பழைய போர்க்கப்பலை. அதில் நான்கு 12 அங்குலப் பீரங்கிகள் இருந்தன, ஆனால் 12 நாட், அதாவது மணிக்கு 12 கடல் மைல் வேகத்துக்கு மேல் போகாது என்று தகவல் வந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தத் தகவலே தப்பு. கனோபஸின் தலைமைப் பொறியாளர் மனநலம் குன்றியிருந்தார். இயந்திரம் பற்றி அவர் கொடுத்த அறிக்கை உண்மையில்லை, கப்பல் 16 நாட் வரை ஓடக்கூடியது. இது கனோபஸின் கேப்டனுக்குத் தெரியவந்தபோதும், கிராடாக்குக்குச் சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தால்? எப்போது படித்தாலும் நான் இந்த வரியில் நின்றுவிடுவேன்.

லண்டனிலிருந்து வந்த தந்திகளும் குழப்பம்தான். எதிரியைத் தேடு என்றன, கனோபஸ் கூடவே இருக்கட்டும் என்றன. கனோபஸோடு போனால் எதிரியைப் பிடிக்க முடியாது, கனோபஸ் இல்லாமல் போனால் ஜெயிக்க முடியாது. இதை கிராடாக் தந்தியிலேயே சொன்னார், டிஃபென்ஸைத் தன்னிடம் வரும்படி உத்தரவும் போட்டார். டிஃபென்ஸ் அட்லாண்டிக் பக்கமே இருக்கட்டும் என்று கடற்படை அமைச்சர் சர்ச்சிலின் தலைமையகம் பதில் அனுப்பியது.

இன்னொன்றும் அவர் மனதை அரித்துக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் மத்தியதரைக் கடலில் ரியர் அட்மிரல் டிரூபிரிட்ஜ் என்பவர், கேபன் என்ற பலமான ஜெர்மன் கப்பலை எதிர்த்தால் தன் படையணி அழியும் என்று கணக்குப் போட்டு, மோதாமல் திரும்பினார். அதற்காக விசாரணைக்கு இழுக்கப்பட்டார். ஃபாக்லாந்து தீவுகளின் ஸ்டான்லி துறைமுகத்திலிருந்து அக்டோபர் 22ஆம் தேதி புறப்படும் முன், கிராடாக் அங்கிருந்த கவர்னரிடம் ஒரு கடிதத்தை ஒப்படைத்தார். தான் இறந்தது உறுதியானால் மட்டும் தன் நண்பரான ஓர் அட்மிரலுக்கு அனுப்பச் சொன்னார். டிரூபிரிட்ஜுக்கு நேர்ந்த கதி தனக்கு நேராமல் பார்த்துக்கொள்வேன் என்று அதில் எழுதியிருந்தார். இது அசட்டுத் துணிச்சல்காரன் எழுதும் கடிதமா? என்ன நடக்கும் என்று தெரிந்தே போன மனிதர் எழுதியது.

நவம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. சிலி நாட்டின் கொரோனெல் ஊருக்கு அப்பால் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. கம்பியில்லாத் தந்தியில் லைப்சிக் என்ற ஒரே ஜெர்மன் கப்பலின் குறியீடுதான் கேட்டது. தனியாக வரும் ஒரு கப்பலைப் பிடிக்கப் போகிறோம் என்று கிராடாக் நினைத்தார். ஸ்பீயும் கிளாஸ்கோ மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்து வந்தார். மாலை நான்கரை மணி வாக்கில் இரண்டு அணிகளும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டன. கனோபஸ் 250 கடல் மைல் பின்னால் இருந்தது.

சூரியன் மேற்கே, பிரிட்டிஷ் கப்பல்களுக்குப் பின்னால். ஜெர்மானியரின் கண் கூசும் நேரம். அதற்குள் நெருங்கிச் சண்டையைத் தொடங்கிவிட கிராடாக் முயன்றார். அவர் திட்டமில்லாமல் பாயவில்லை என்பதற்கு இதுவே போதும். ஆனால் வேகம் ஸ்பீ பக்கம். எட்டாத தூரத்திலேயே ஓடிக்கொண்டு, பொழுது சாயக் காத்திருந்தார். சூரியன் மறைந்ததும் மேற்கு வானத்தின் செவ்வொளியில் பிரிட்டிஷ் கப்பல்கள் கரிக்கோடு போட்டது போலத் தெரிந்தன. ஜெர்மன் கப்பல்கள் இருட்டோடு இருட்டாகிவிட்டன. ஏழு மணிக்கு ஸ்பீ சுட ஆரம்பித்தார்.

குட் ஹோப்பில் பெரிய பீரங்கிகள் இரண்டுதான். முன்னால் இருந்தது ஆரம்பத்திலேயே நொறுங்கியது. கீழ்த்தட்டில் இருந்த 6 அங்குலப் பீரங்கிகளை அலை உள்ளே புகுந்ததால் இயக்க முடியவில்லை. அப்படியும் கிராடாக் எதிரியை நோக்கியே கப்பலைச் செலுத்தினார். எட்டு மணிக்குச் சற்று முன்னால் குட் ஹோப் வெடித்தது. மான்மத் சாய்ந்து எரிந்துகொண்டிருந்தது, கொடியை மட்டும் இறக்கவில்லை. பின்னால் வந்து சேர்ந்த நியூர்ன்பெர்க் என்ற ஜெர்மன் கப்பல் அதை மூழ்கடித்தது. தப்பிப் போய்க்கொண்டிருந்த கிளாஸ்கோவின் மாலுமிகள் தூரத்தில் 75 பீரங்கி ஒளிகளை எண்ணினார்கள். பிறகு இருட்டு. அந்த இரண்டு கப்பல்களிலிருந்தும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. குட் ஹோப்பில் நான்கு கனடா நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள், மிட்ஷிப்மேன் பயிற்சியில் இருந்த பிள்ளைகள். கனடா கடற்படை போரில் இழந்த முதல் உயிர்கள் அவர்கள்தான். ஜெர்மானியர் தரப்பில் மூன்றே பேருக்குக் காயம்.

இதற்கிடையில் லண்டனில் அட்மிரல் ஃபிஷர் மறுபடி கடற்படைத் தலைமைக்கு வந்திருந்தார். டிஃபென்ஸ் உடனே கிராடாக்கிடம் போகட்டும் என்று நவம்பர் 3ஆம் தேதி உத்தரவு கிளம்பியது. அடுத்த நாள்தான் தோல்விச் செய்தி லண்டனுக்கு எட்டியது. டிரூபிரிட்ஜ் மீதான ராணுவ நீதிமன்ற விசாரணை நவம்பர் 5ஆம் தேதி தொடங்கியது. 9ஆம் தேதி, அவர் மேல் குற்றமில்லை என்று விடுதலை செய்தார்கள்.

ஜெயித்த ஸ்பீயும் மகிழ்ந்து கொண்டாடவில்லை. வால்பரைசோவில் ஜெர்மானியர்கள் பூங்கொத்து கொடுத்தபோது, என் கல்லறைக்கு ஆகும் என்று சொன்னாராம். டிசம்பர் 8ஆம் தேதி அவர் ஃபாக்லாந்து தீவுகளைத் தாக்க வந்தார். இன்வின்சிபிள், இன்ஃப்ளெக்சிபிள் என்ற இரண்டு பெரிய போர்க்குரூசர்கள் முதல் நாள்தான் அங்கே வந்து சேர்ந்திருந்தன. ஸ்பீயும் அவருடைய இரண்டு மகன்களும் அன்று கடலோடு போனார்கள். அந்தச் சண்டையில் முதல் குண்டைச் சுட்டது கனோபஸ். ஸ்டான்லி துறைமுகத்துச் சேற்றில், கரைப் பீரங்கிபோல நிறுத்தி வைத்திருந்தார்கள் அதை.

வணக்கம்.