கணக்கு நோட்டில் இல்லாத பெயர்

நேயர்களுக்கு வணக்கம். "நாங்க மிடில் கிளாஸ் சார்" என்று சைக்கிளில் வேலைக்குப் போகிறவரும் சொல்கிறார், வீட்டில் இரண்டு கார் நிற்கிறவரும் சொல்கிறார். அதனால் சம்பளத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு நடுத்தர வர்க்கத்தைப் புரிந்துகொள்ள முடியாது. அந்த மாதச் சம்பளம் யார் வீட்டுக்கு முதலில் வந்தது, யார் வீட்டுக்குக் கடைசியில் வந்தது என்று பார்க்க வேண்டும். பல வருடங்களாக நான் கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான்.

என் அம்மா 1970-களில் எழுதிய வரவு செலவு நோட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். முதல் வரி அப்பாவின் சம்பளம். அப்புறம் வாடகை, மளிகை பாக்கி, ஸ்கூல் ஃபீஸ், சீட்டுப் பணம், எல்.ஐ.சி. பிரீமியம். உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதே வரிசைதான் இருந்திருக்கும். பால்காரர் பெயர் நோட்டில் இருக்கிறது. மளிகைக்காரர் பெயர் இருக்கிறது. சலவைக்குப் போட்டவர் பெயர்கூட இருக்கிறது. பாத்திரம் தேய்த்த அம்மாவுக்கு மட்டும், வேலைக்காரி என்பதைச் சுருக்கி, "வே.கா. 15 ரூபாய்". தீபாவளி மாதம் "வே.கா. புடவை". பதினோரு வருடம் அதே அம்மாதான் வந்தார். கொல்லைப்பக்கமாக வருவார், அவருக்கென்று தனி டம்ளர். எங்கள் வயதில் அவருக்கு ஒரு மகள். நாங்கள் வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தில் அவள் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். திரும்பவும் சொல்கிறேன், பதினோரு வருட நோட்டில் அந்த அம்மாவின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை.

சரி, அப்பாவுக்கு அந்தச் சம்பளம் எங்கிருந்து வந்தது? 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. ஆங்கிலம் படித்துப் பட்டம் வாங்கியவருக்கு அரசாங்க வேலை, வேலைக்குப் பிறகு பென்ஷன். அந்த வாசலுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர்கள், தலைமுறை தலைமுறையாக எழுத்தறிவு இருந்தவர்கள். 1912-இல் சென்னை மாகாண மக்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் இருந்த பிராமணர்கள், மாவட்ட முன்சீப்புகளில், அதாவது கீழ்நிலை சிவில் நீதிபதிகளில், நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் இருந்தார்கள். 1916-இல் பிராமணரல்லாதாருக்கான கட்சியாக நீதிக்கட்சி பிறந்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

தீபாவளிக்குத் துணி எடுக்கத் தி. நகர் போகிறீர்களே, அந்தத் தெருப் பெயர்களைப் பாருங்கள். தியாகராயர், பனகல் அரசர், டாக்டர் நாயர், நடேசன், உஸ்மான், எல்லாரும் நீதிக்கட்சிக்காரர்கள். 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுப்பிய குடியிருப்பு அது. சம்பளக்காரர்களின் புது வர்க்கம் ஒன்று அங்கே வீடு கட்டிக் குடியேறியது.

அடுத்து, அரசாங்க வேலைகளைச் சமூகவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி உத்தரவு. அமைச்சர் முத்தையா முதலியார் காலத்தில், பன்னிரண்டு வேலை வந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முஸ்லிம், கிறிஸ்தவர் ஆகியோருக்கு இரண்டிரண்டு என்று பிரித்தார்கள். ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு எத்தனை? ஒன்று. பன்னிரண்டில் ஒன்று. கிணற்றடியில் நின்ற அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டுதான் நான் இந்த எண்ணைப் படிக்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். 1951-இல் இந்த உத்தரவு உச்ச நீதிமன்றத்தில் விழுந்ததையும், அதனால் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்ததையும், 1991-க்குப் பிறகு கம்ப்யூட்டர் சம்பளம் வந்த கதையையும் இன்னொரு நாள்தான் பேச வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கணக்கு நோட்டு இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் யார் யாருக்குப் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். வணக்கம்.