அகப்பை நக்கி, சட்டி சுரண்டி: ஐஸ்லாந்தின் 13 கிறிஸ்துமஸ் திருடர்கள்

[காட்சி: இருட்டு ஜன்னல். திண்டில் ஒரு குழந்தையின் ஒற்றை ஷூ.]

நமக்குக் கிறிஸ்துமஸ் தாத்தான்னா ஒரே ஒருத்தர். சிவப்பு அங்கி, வெள்ளைத் தாடி, ஒரே ஒரு ராத்திரி. ஐஸ்லாந்துல பரிசு கொண்டு வர்றது 13 பேர், எல்லாரும் அண்ணன் தம்பிங்க. யோலாஸ்வெய்னர்னு சொல்வாங்க. டிசம்பர் 12-ல ஆரம்பிச்சு, நாளைக்கு ஒருத்தனா மலையிலிருந்து இறங்கி வருவாங்க.

குழந்தைங்க ஜன்னல்ல ஷூவை வச்சுட்டுத் தூங்கும். காலையில அதுல மிட்டாயோ சின்னப் பொம்மையோ இருக்கும். சேட்டை பண்ணின பிள்ளைக்கு ஒரு உருளைக்கிழங்கு.

இப்போ இவங்க பேரைக் கேளுங்க. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே அதுதான்.

[காட்சி: கரி படிஞ்ச சட்டி, மர அகப்பை]

அகப்பை நக்கி. சட்டி சுரண்டி. சாசேஜ் திருடி. கதவை அறைஞ்சு தூக்கத்தைக் கெடுக்கிறவன். நம்ம கெட்டித் தயிர் மாதிரி இருக்கிற ஸ்கிரை விழுங்குறவன். அப்புறம் கறிக்கொக்கி: புகைபோக்கி வழியா நீளக் கொக்கியை விட்டு, உள்ள தொங்குற ஆட்டுக்கறியைத் தூக்கிடுவான். அப்படியே நம்ம ஊர்ப் பட்டப்பேருங்க!

ஆறாவது ஆள் அஸ்காஸ்லேகிர். அந்தக் காலத்துல மூடி போட்ட மரக்கிண்ணத்துலதான் சாப்பாடு. சாப்பிட்டு முடிச்சதும் நாயோ பூனையோ நக்கட்டும்னு தரையில வைப்பாங்க. கட்டிலுக்கு அடியில படுத்திருக்கிற இவன், நாய்க்கு முந்தி அதை இழுத்துக்குவான்.

டிசம்பர் 24-ல வர்ற கடைசி ஆளுக்கு வேண்டியது மெழுகுவர்த்தி. அதை என்ன பண்ணுவான்? தின்பான். அப்போ அது ஆட்டுக்கொழுப்புல செஞ்சது.

பால், தயிர், கறி, கொழுப்பு. நீண்ட பனிக்காலத்துல எதெல்லாம் தீர்ந்துடுமோன்னு ஒரு ஏழை வீடு பயந்ததோ, அதுக்கெல்லாம் ஒவ்வொரு திருடன். பசிச்ச ஜனங்க வச்ச பேருங்க இதுன்னு நினைக்கும்போது மனசு கனக்குது.

[காட்சி: குகை வாசல், பெரிய கொப்பரை]

இவங்க அம்மா கிரீலா ஒரு ராட்சசி. அடங்காத பிள்ளைங்களைக் கொப்பரையில போட்டு வேக வைப்பாளாம். அந்தக் காலத்துல பெத்தவங்க இந்தக் கதைகளைச் சொல்லிப் பிள்ளைங்களை அளவுக்கு மீறிப் பயமுறுத்தினாங்க. அப்போ ஐஸ்லாந்து டென்மார்க் ராஜா ஆட்சியில இருந்துச்சு. 1746-ல, இப்படிப் பயமுறுத்தக் கூடாதுன்னு அரசாணையே வந்துச்சு.

முன்னெல்லாம் பேரும் எண்ணிக்கையும் ஊருக்கு ஊர் மாறும். 1932-ல யோஹன்னெஸ் ஊர் கோட்லும்ங்கிற கவிஞர் இவங்களைப் பத்தி ஒரு பாட்டு எழுதினார். அதுல வந்த 13 பேரும் அந்த வரிசையும்தான் இன்னைக்கு அங்க குழந்தைங்களுக்கு மனப்பாடம். திருடனுங்க பரிசு தர்றவங்களா மாறி, சாண்டா மாதிரி சிவப்பு உடுப்பும் போட்டாங்க. ஆனா தலைநகர் ரெய்க்யவிக்ல இருக்கிற தேசிய அருங்காட்சியகத்துக்கு வரும்போது பழைய கம்பளி உடுப்புலதான் வருவாங்க. அந்த உடுப்பை விட்டுடாம வச்சிருக்காங்களே, அது எனக்கு ரொம்ப சந்தோஷம்.

கிறிஸ்துமஸ் அன்னைக்கு முதல் ஆள் மலைக்குக் கிளம்புவான். அப்புறம் தினம் ஒருத்தன். மெழுகுவர்த்திக்காரன் கிளம்ப ஜனவரி 6 ஆயிடும்.