ஈரமும் பழைய மைக்கும்

நேயர்களுக்கு வணக்கம். நம் காவிரிக் கரை ஊர்களில் ஐப்பசி அடைமழை தொடங்கித் தை பிறக்கும் வரை காற்றிலேயே ஈரம்தான். ஜாடியில் உப்பு கசியும், அப்பளம் நமுத்துப்போகும். பழைய கண்டன்சர் மைக்குகள் என்னிடம் பழுதுக்கு வருவதும் அந்த மாதங்களில்தான். கொண்டு வருகிறவர்கள் சொல்வதும் ஒன்றே: “சடசடன்னு இரையுது, உள்ளே காப்ஸ்யூல் போயிடுச்சாம்.” காப்ஸ்யூல் என்றால் மைக்கின் தலைக்குள் ஓசையை வாங்கும் பாகம். நான் இன்று சொல்ல வந்தது இதுதான்: போயிருக்காது. பெரும்பாலும் போயிருக்காது.

இந்த மைக்கின் தலையில் தங்கம் பூசிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்று இருக்கிறது. கனம் ஏறக்குறைய 6 மைக்ரான். அதன் பின்னால், நூலளவைவிடக் குறைந்த இடைவெளி விட்டு, ஓர் உலோகத் தகடு. இரண்டும் சேர்ந்ததுதான் காப்ஸ்யூல். இரண்டுக்கும் நடுவே 50, 60 வோல்ட் நிற்கும். ஓசை பட்டுச் சவ்வு அசையும்போது அந்த இடைவெளி மாறுகிறது. அதுதான் நமக்குப் பாட்டாகவும் பேச்சாகவும் வருகிறது. மின்னேற்றம் இறங்கிவிடாமல் இருக்க 100 கோடி ஓம் அளவுக்கு ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள். அவ்வளவு தடை உள்ள இடத்தில் ஈரம் கோத்த ஒரு விரல்ரேகை போதும், மின்சாரத்துக்கு வழி கிடைத்துவிடும். வரப்பில் நண்டு வளை வைத்த மாதிரிதான். மேலே பார்த்தால் வரப்பு திடமாக இருக்கும், வயலில் தண்ணீர் மட்டும் நிற்காது. அந்தக் கசிவு விட்டு விட்டு நடக்கிறதே, அதுதான் நம் காதில் விழும் சடசடப்பு.

திருவையாற்றுப் பக்கம் ஒரு நாகஸ்வர வித்துவான். அவர் வீட்டில் 1970களில் வாங்கிய ஜெர்மன் மைக் ஒன்று இருந்தது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதை அதில்தான் பதிவு செய்வார். “தம்பி, பத்து மணிக்கு மேல ஒழுங்கா இருக்கு. விடியக்காலையில மல்லாரி எடுத்தா மட்டும் இரையுது” என்றார். அதற்கு முன்பே ஒருவர் பார்த்துவிட்டு, காப்ஸ்யூலுக்கு மின்சாரமே வரவில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று விலையும் சொல்லிப் போயிருந்தார்.

வெயில் ஏறினால் சரியாகிறது என்று பெரியவர் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. முன்பு பார்த்தவர் மின்சாரம் வரவில்லை என்றது எப்படி? காப்ஸ்யூல் முனையில் மல்டிமீட்டர் வைத்திருக்கிறார், அரை வோல்ட் காட்டியிருக்கிறது. சாதாரண மல்டிமீட்டரின் உள்தடை 1 கோடி ஓம்தான். 100 கோடி ஓமுக்குப் பின்னால் இருக்கிற 50 வோல்ட்டை அதை வைத்து அளந்தால் அரை வோல்ட்தான் தெரியும். நல்ல மைக்கிலும் அப்படித்தான் தெரியும். திரும்பவும் சொல்கிறேன், எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்: காப்ஸ்யூல் முனையில் மீட்டர் வைக்காதீர்கள், பெரிய ரெசிஸ்டருக்கு முன்னால் வையுங்கள்.

நான் வெளியிலிருந்து தொடங்கினேன். கேபிளை மாற்றினேன், மிக்சரில் வேறு சேனல் போட்டேன். இந்த மைக்குக்கு மின்சாரம் மிக்சரிலிருந்து கேபிள் வழியாகத்தான் வரும். கேபிள் முனையில் 1ஆம் பின்னிலிருந்து 2க்கும் 3க்கும் 48 வோல்ட் சரியாக வந்தது. இந்த 48 எப்படி வந்தது தெரியுமா? 1966இல் நார்வே வானொலிக்காக ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் மைக் செய்தபோது, அந்த நிலையத்தில் அவசர விளக்குகளுக்கு 48 வோல்ட் ஏற்கெனவே இருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள். ஒரு வானொலி நிலையத்தின் விளக்குக் கம்பி உலகத்துக்கே அளவு வைத்துவிட்டது!

பிறகு மின்சாரத்தை நிறுத்தி, காப்ஸ்யூல் கம்பியைக் கழற்றி, அந்த இடத்தில் காப்ஸ்யூலுக்குப் பதிலாக 68 பிக்கோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை வைத்து மூடினேன். மறுநாள் விடியலில் அவர் வீட்டுத் திண்ணையிலேயே போட்டுக் கேட்டோம். காப்ஸ்யூல் இணைப்பிலேயே இல்லை, சடசடப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அப்புறம் காப்ஸ்யூலை எப்படிக் குறை சொல்வது? மெல்லிய குழாயால் சர்க்யூட்டின் மேல் இடம் இடமாக மூச்சு விட்டேன். காப்ஸ்யூலின் ஓசையை வாங்கும் டிரான்சிஸ்டரின் கேட் முனையில் ஈரம் பட்டதும் ஹெட்போனில் சத்தம் எகிறியது. பூக்கண்ணாடியில் பார்த்தால், எப்போதோ சால்டர் வைத்தவர் துடைக்காமல் விட்ட பேஸ்ட், பழுப்பேறி, மேலே தூசி. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும்தான் வைத்தியம். பிறகு 40 வாட் குண்டு பல்பின் பக்கத்தில் வைத்து உலர்த்தினேன். அடுத்த விடியலில் மல்லாரி சுத்தமாகப் பதிவானது. காப்ஸ்யூலை நான் தொடவே இல்லை.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன்: இரைச்சல் இல்லாமல் கனத்த ஓசை மட்டும் மெலிந்துபோனால் அவற்றைப் பாருங்கள். சவ்வின் மேல் எச்சில் காய்ந்திருந்தால் நீங்களே துடைக்காதீர்கள். துணியும் வேண்டாம், பஞ்சும் வேண்டாம், கைபழகியவரிடம் கொடுங்கள். மழைக்காலத்தில் மைக்கை இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வணக்கம்.