காளானைச் செடி ஆக்கியாச்சு, ஆய் மன்னனைக் காணோம்: 200 ரூபாய் சார்ட் கதை

வாங்க மக்களே. இன்றைக்குக் கோயில், குளம் எதுவும் கிடையாது, மொட்டைமாடிதான். பின்னால் கேட்பது மாவு மில், வழக்கம்போலப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் செம கடுப்பில் இருக்கிறேன்.

அண்ணன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. பாளையங்கோட்டையில் ஒரு கடையில் இரண்டு சார்ட் வாங்கினேன். ஒன்று மூவேந்தர், இன்னொன்று உயிரின வகைப்பாடு. சார்ட் 40 ரூபாய், சரி. லேமினேஷன் 60 ரூபாய்! படத்தைவிட அதன் மேல் ஒட்டுகிற பிளாஸ்டிக் விலை கூட. லேமினேஷன் வேண்டாம் என்றால், "எல்லாம் போட்டுத்தான்க்கா வருது" என்கிறார். இரண்டு சார்ட்டுக்கும் ஆக மொத்தம் 200 ரூபாய். அந்த 60 ரூபாயை நான் மறக்கப்போவதில்லை.

வீட்டில் வந்து விரித்தால், தாவர உலகத்தில் தென்னை, நெல், பக்கத்திலேயே ஜம்மென்று ஒரு காளான்! சிவப்புக் குடை, வெள்ளைப் புள்ளி வேறு. மழைக்குப் புற்றில் முளைக்குமே, அந்த நம்மூர்க் காளான்கூட இல்லை. விட்டேக்கர் என்ற உயிரியல் அறிஞர் 1969-லேயே ஐந்துலக வகைப்பாடு கொண்டுவந்து, மொனிரா (பாக்டீரியா வகை), புரோட்டிஸ்டா (அமீபா மாதிரி உயிர்கள்), தாவரம், விலங்கு இவற்றோடு பூஞ்சைக்கும் தனி உலகம் கொடுத்துவிட்டார். காளானுக்குப் பச்சையம் கிடையாது. அதன் செல் சுவரில் இருப்பது கைட்டின் என்கிற கெட்டியான பொருள், நாம் உரித்துப் போடுகிற இறால் ஓட்டிலும் அதுதான் இருக்கிறது. வம்சாவளி பார்த்தால் காளான் செடியைவிட நமக்குத்தான் நெருங்கிய சொந்தம். மதினி சுத்த சைவம். இதைச் சொன்னதிலிருந்து அடுப்பில் இருக்கும் காளான் குழம்பை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

அட, உயிரினங்களை வகைப்படுத்திய பழைய ஆள் லின்னேயஸை விட்டுவிட்டேன். 1735-ல் அவர் செடி, விலங்கு, கனிமம் என்று மூன்றாக வைத்தார். மூன்று என்றதும்தான் அடுத்த சார்ட் மேல் எனக்குக் கோபம் திரும்பியது.

சேரனுக்குப் பச்சை, சோழனுக்கு மஞ்சள், பாண்டியனுக்குச் சிவப்பு. நடுவில் கொட்டை கொட்டையாக எல்லைக் கோடு. நம்ம பொதிகை மலை முழுக்கச் சிவப்பு. ஆய் அண்டிரன் எங்கே ஐயா? புறநானூறு பாடிப் பாடி வைத்திருக்கும் பொதியில் வேள், அதாவது பொதிகை மலையை ஆண்ட குறுநில மன்னன்! கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் எங்கேயோ அலெக்சாண்டிரியாவில் இருந்து எழுதிய புவியியல் அறிஞர் தாலமி, குமரியை ஆய் நாட்டில் சேர்க்கிறார். அசோகன் கல்வெட்டில் தெற்கே சோழர், பாண்டியர், சத்யபுத்திரர், கேரளபுத்திரர் என்று நான்கு பேர். சத்யபுத்திரர் என்றால் அதியமான்தான் என்று ஜம்பைக் கல்வெட்டு காட்டிக்கொடுத்தது. அசோகனுக்குத் தெரிந்த ஆளைச் சார்ட் அடித்தவருக்குத் தெரியவில்லை.

மூன்று என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டு, மிச்சத்தை யார் தலையிலாவது கட்டிவிடுவது. காளானைச் செடி தலையில், ஆயைப் பாண்டியன் தலையில். இதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பாண்டியர் துறைமுகமான கொற்கையை மட்டும் ஒழுங்காகக் கடலோரத்தில் போட்டிருக்கிறார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். தாமிரபரணி வண்டல் சேர்ந்து சேர்ந்து இப்போது கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டதை நம்ம கொற்கை வீடியோவில் பார்த்தீர்கள். அதில் சொல்ல மறந்தது ஒன்று. அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்று பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. பாண்டியனுக்குக் காசு கொட்டிய அந்தச் சிப்பி இனத்தைத் தொல்காப்பியம் ஈரறிவில் வைக்கிறது, புல்லும் மரமும் ஓரறிவு. எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். தொல்காப்பியர் வேலி போடாமல் படி கட்டியிருக்கிறார்.

சரி, சார்ட்டைத் திருத்தலாம் என்றால் லேமினேஷன் மேல் ஸ்கெட்ச் பேனா நிற்கவில்லை, தொட்டால் அழிகிறது. பெர்மனன்ட் மார்க்கர் வாங்கினேன், 25 ரூபாய். காளானைச் சுற்றிக் கட்டம் போட்டுப் 'பூஞ்சை உலகம்', பொதிகை மேல் பெரிதாக 'ஆய்'. அழியவே இல்லை! விரலால் தேய்த்தேன், ஈரத்துணியால் தேய்த்தேன், அசையவில்லை. "அத்தை, டீச்சர் திட்டினா?" என்று பிள்ளை கேட்டாள். பாடப்புத்தகத்தையும் புறநானூற்றையும் கையோடு கொண்டு போ என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வீடியோ ஆய்க்குடி, ஆய் மன்னர்களின் ஊர் என்பார்கள். தென்காசிக்காரர்களே, அந்தப் பக்கம் காலை டிபனுக்கு நல்ல கடை எது என்று கமென்ட்டில் போடுங்கள். எண்ணெய் சொட்டுகிற வடைக் கடை மட்டும் வேண்டாம், என் வயிறு உங்களுக்குத் தெரியும்.