பி.எட். சேருவதற்கு முன்னால்: எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போகிறீர்கள்?

(திரையில்: சைதாப்பேட்டை, அண்ணா சாலை, காலை நேரப் பேருந்து நெரிசல்)

வணக்கம். போன வாரம் கீழ் வீட்டு அம்மா கையில் ஒரு கல்லூரி நோட்டீஸோடு மாடி ஏறி வந்தார். "ஏம்மா, பொண்ணு பி.எஸ்சி. மேத்ஸ் முடிச்சிட்டா, டீச்சர் ஆகணும்கிறா. இந்த காலேஜ்ல பி.எட். சீட் இருக்காம், நாளைக்குள்ள முன்பணம் கட்டணுமாம். கட்டிடலாமா?" என்றார். பின்னாலேயே பெண்ணும் வந்து நின்றாள். நான் அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்க ஆசை? "ஒண்ணாவது, ரெண்டாவதுக்கா. சின்னப் பிள்ளைங்கன்னா எனக்கு உயிரு."

சரி, அப்படியென்றால் அந்த முன்பணத்தைக் கட்ட வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். நம் ஊரில் எல்லாரும் டிகிரி, பி.எட்., அப்புறம் வேலை என்று முன்னாலிருந்து எண்ணுகிறோம். இதைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். நீங்கள் நிற்கப் போகும் வகுப்பறைதான் என்ன படிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

(திரையில்: 1 முதல் 5 வரை)

ஒன்று முதல் ஐந்து வரை எடுப்பவர் இடைநிலை ஆசிரியர். அதற்குப் படிப்பு டி.எல்.எட்., அதாவது தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் படிப்பு. +2 முடித்ததும் சேரலாம், இரண்டு வருடம். பழைய ஆட்கள் இன்னமும் 'டீச்சர் டிரெய்னிங்' என்றுதான் சொல்வார்கள். பட்டயம்தானே, டிகிரிக்குக் கீழேதானே என்று பலர் இதை மதிப்பதே இல்லை. 2018இல் என்சிடிஇ, அதாவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், பி.எட். படித்தவர்களும் தொடக்க வகுப்புக்கு வரலாம் என்று ஒரு அறிவிக்கை போட்டது. 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஐந்து வயதுக் குழந்தைக்கு எழுத்தறிவிப்பது தனி வித்தை, பி.எட்.டில் அதைச் சொல்லித் தருவதில்லை என்பதுதான் சாரம். எனக்கு அந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு. பத்தாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா எடுப்பவரை ஒன்றாம் வகுப்பில் விட்டால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

(திரையில்: 6 முதல் 10 வரை)

இங்கேதான் பி.எட். வருகிறது. பட்டதாரி ஆசிரியர், பேச்சுவழக்கில் பி.டி. டீச்சர். டிகிரிக்கு மேல் பி.எட். 2015 முதல் இது இரண்டு வருடப் படிப்பு, அதற்கு முன்னால் ஒரு வருடம்தான். "திரும்ப ஒரு வருஷம் ஆயிடுச்சாமே" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது 2025இல் வந்த வரைவு விதிகளை வைத்து. கல்லூரிக்காரர்கள் அதைக் காட்டிப் பேசினால், அவர்களுடைய என்சிடிஇ அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் என்ன படிப்பு, எத்தனை இடம் என்று போட்டிருக்கும்.

தமிழ்நாட்டில் இந்தக் கல்லூரிகள் பெரும்பாலும் காரப்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். அது தொடங்கியது 2008இல். ஆனால் சென்னையில் வாத்தியார் பயிற்சிக்கு வயது ரொம்ப அதிகம்: சைதாப்பேட்டை அரசு கல்லூரி 1856இல் தொடங்கியது, கடற்கரைச் சாலையில் இருக்கும் பெண்களுக்கான லேடி வெலிங்டன் 1922. அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு, கலந்தாய்வில் இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

இரண்டு வருடத்தில் 20 வாரம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும், முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 16. காலையில் பறக்கும் ரயிலில் ஏறிப் பாருங்கள்: புடவைக்குப் பின் குத்தி, ஒரு கையில் பாடத்திட்ட நோட்டு, இன்னொரு கையில் செய்தித்தாள் சுற்றிய சார்ட் சுருளை யாரும் நசுக்கிவிடாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்பாள். பயிற்சி ஆசிரியை. கடைசி பெஞ்சில் வழிகாட்டி ஆசிரியர் உட்கார்ந்து குறிப்பு எழுத, கரும்பலகையில் வரி மேலே மேலே ஏறிப் போக, நாற்பது பிள்ளைகளும் 'இது நிஜ மிஸ் இல்லை' என்று மூன்றே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் ஆனது. அந்த 20 வாரத்தை "வராமலேயே கையெழுத்துப் போட்டுத் தருகிறோம்" என்று சொல்லும் கல்லூரி கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள், ஓடி வந்துவிடுங்கள்.

தொலைநிலையிலும் பி.எட். உண்டு. சைதாப்பேட்டையிலேயே இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இக்னோவும் தருகின்றன. ஆனால் அது ஏற்கெனவே நேரடியாக ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கும் பணியில் இருக்கும் தொடக்கநிலை ஆசிரியர்களுக்கும்தான். வேலைக்குப் போய்க்கொண்டே படித்துவிடலாம் என்று ஐடி நண்பர்கள் கேட்பதால் சொல்கிறேன்.

(திரையில்: 11, 12)

முதுகலை ஆசிரியர். எம்.ஏ., எம்.எஸ்சி., எம்.காம். போன்ற முதுகலைப் பட்டமும் பி.எட்.டும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது, நிறையப் பேர் விழுந்திருக்கிறார்கள். இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். பி.எஸ்சி. இயற்பியல், எம்.எஸ்சி. கணிதம் என்று மாற்றிப் படித்தால் அரசுப் பணிக்கு ஆகாது, 'கிராஸ் மேஜர்' என்று ஒதுக்கிவிடுவார்கள். பி.காம். பிள்ளைகள் கவனியுங்கள்: வணிகவியல் +1, +2வில்தான் பாடமாக இருக்கிறது, அதனால் இங்கே எம்.காம். முடித்துவிட்டுத்தான் பி.எட். போக முடியும்.

இன்னொரு கண்ணி பட்டத்தின் பெயர். என் தோழி படித்த டிகிரியின் பெயரில் பாடத்துக்கு முன்னால் ஒரு சொல் கூடுதலாக இருந்தது. புதுசாக இருக்கிறதே, நல்ல வேலை கிடைக்கும் என்று கல்லூரியில் சொல்லித்தான் சேர்த்தார்கள். தேர்வெல்லாம் எழுதி, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போன இடத்தில் "இணைத்தன்மை அரசாணை எங்கே?" என்று கேட்டார்கள். இந்தப் பட்டமும் அந்தப் பட்டமும் ஒன்றுதான் என்று அரசு சொல்லும் ஆணை அது. அந்தப் பெயருக்கு அப்படி ஒன்று இல்லை. பிளாஸ்டிக் ஃபைலுக்குள் மூன்று செட் நகலோடு போனவள் மத்தியானமே திரும்பி வந்தாள். அதனால் கல்லூரியில் சேரும்போதே பட்டப் பெயரைப் பாருங்கள்.

(திரையில்: நுங்கம்பாக்கம், கல்லூரிச் சாலை)

இது பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம், பள்ளிக்கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் இடம். 2022இல் பெயர் மாறியது, ஆனால் ஆட்டோவில் ஏறி 'டிபிஐ' என்று பழைய பெயரைச் சொன்னால்தான் வண்டி நகரும். பட்டயமும் பி.எட்.டும் உங்களை வாசல் வரைதான் கொண்டு வரும். ஒன்று முதல் எட்டு வரை எடுக்க டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, பாஸாக வேண்டும். தமிழ்நாட்டில் முதல் டெட் நடந்தது 2012 ஜூலையில். தாள் 1 ஐந்தாம் வகுப்பு வரை, தாள் 2 ஆறு முதல் எட்டு. 150 கேள்வி, 150 மதிப்பெண், தப்புக்கு மைனஸ் கிடையாது. பொதுப் பிரிவுக்கு 90 எடுக்க வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கான தளர்வு மாறிக்கொண்டே வருவதால் அந்தந்த அறிவிக்கையில் பாருங்கள். முன்பு சான்றிதழ் ஏழு வருடம்தான் செல்லும், 2021இல் ஆயுள் முழுக்க என்று மாற்றினார்கள்.

டெட் பாஸ் என்றால் வேலை என்று நினைக்காதீர்கள். 2018 அரசாணை 149க்குப் பிறகு டெட்டுக்கு மேல் டிஆர்பி, அதாவது ஆசிரியர் தேர்வு வாரியம், நடத்தும் போட்டித் தேர்வு ஒன்று தனியாக எழுத வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு தேர்வு எதற்கு என்று டெட் பாஸானவர்கள் எத்தனையோ போராட்டம் நடத்தினார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து. இதற்கிடையில் 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், பணியில் இருப்பவர்களும் இரண்டு வருடத்துக்குள் டெட் பாஸாக வேண்டும், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு, அவர்களுக்கும் பதவி உயர்வு வேண்டுமானால் டெட் வேண்டும் என்று சொல்லிவிட்டது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி என்று சான்று வேண்டும். படித்த பள்ளியை மூடுவதற்கு முன்னால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கல்லூரிப் பேராசிரியர் வழி வேறு. அங்கே பி.எட். தேவையில்லை, முதுகலையில் 55 சதவீதத்தோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு), இல்லையென்றால் பிஎச்.டி. அது தனி வீடியோ.

சிறப்புக் கல்வியை மட்டும் தவிர்க்க முடியவில்லை, ஏனென்றால் யாரும் அதைச் சொல்வதே இல்லை. மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பு பி.எட். படித்தால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். முட்டுக்காட்டில், ஈசிஆரில் போகும்போது படகுத்துறையைப் பார்த்துக்கொண்டே கடந்துபோவோமே, அங்கேதான் பல்வகை மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கான நிப்மெட் என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. பொறுமை இருப்பவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கீழ் வீட்டுப் பெண் டி.எல்.எட். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருக்கிறாள். அவள் அம்மாவுக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை, டிகிரி முடித்துவிட்டுப் பட்டயமா என்று.

கமெண்டில் கேட்பவர்கள் மூன்று விஷயம் எழுதுங்கள்: +2வில் என்ன குரூப், டிகிரி சான்றிதழில் அச்சாகியிருக்கும் முழுப் பெயர், எந்த வகுப்புக்கு எடுக்க ஆசை. "அக்கா, பி.எட். போடலாமா?" என்று மட்டும் எழுதினால் நான் திரும்ப இதே கேள்வியைத்தான் கேட்பேன்.