பொத்தான் துளை சிறுத்துப்போன கதை

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்பு பேசி, நான் பேச வேண்டியதில் பாதியைக் கொண்டுபோய்விட்ட நெஞ்சக மருத்துவர் அம்மையார் அவர்களே, என்னை அளவுக்கு மீறிப் புகழ்ந்த செயலாளர் அவர்களே, ஒன்று பற்றவைத்துவிட்டு வரலாமா என்று கதவோரம் நிற்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். புகைக்கிறவரிடம் புகையைப் பற்றியே பேசுகிறோம். உள்ளே எரிவது என்னவென்று கேட்பதில்லை. நுரையீரல், மனம், மருந்து என மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் 2021-இல் மட்டும் உலகில் சுமார் 35 லட்சம் பேர் இறந்தார்கள். மூச்சுக்குழாய்கள் குறுகி, காற்றறைகளின் சுவர் சிதைந்து, இழுத்த காற்று வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடும். சிதைந்தது மீளாது, புகையை விட்டால் சரிவின் வேகம் குறையும்.

என் பெரியப்பா நாற்பது வருடம் புகைத்தவர். ஒருநாள், "பொத்தான் துளையைச் சின்னதாக வைத்துவிட்டான்" என்று சட்டையைத் தையற்காரருக்கே திருப்பி அனுப்பினார். துளை பெரிதாகி வந்தது. அப்போதும் மூன்றாவது பொத்தானில் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அடுத்து நூல் சரியில்லை, பிறகு துணி சரியில்லை. கடைசியில் தையற்காரரே வீட்டுக்கு வந்து, அவர் சட்டை போடுவதைப் பார்த்துவிட்டு, "துளை சரியாகத்தான் இருக்கிறது ஐயா, மூச்சுதான் போதவில்லை" என்றார். நோயை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். மருத்துவர் அம்மையார் மன்னிக்க வேண்டும்.

அதன்பின் பெரியப்பா அறையை விட்டு வரவில்லை. மூச்சு வாங்கும், பயம் வரும். பயத்தில் மூச்சு வேகமெடுக்கும், இன்னும் வாங்கும். பயம் தணிய மறுபடி சிகரெட். நிகோடின் சில நொடிகளில் மூளைக்குப் போய்த் தணிப்பது, பெரும்பாலும் அது தீர்ந்ததால் வந்த பதற்றத்தைத்தான். கடன்காரனே வட்டி கட்டக் கைமாற்றுத் தருவதுபோல! விட்டவர்களுக்குச் சில வாரங்களில் பதற்றம் குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன.

இரண்டு வருடம் மருத்துவமனைக்குப் போனோம். "எத்தனை சிகரெட்?" என்று எல்லோரும் கேட்டார்கள். "தூக்கம் வருகிறதா?" என்று ஒரு செவிலியர்தான் கேட்டார். பெரியப்பா அழுதுவிட்டார். நெருப்பில்லாமல் புகையாது, ஐயா!

ஆகவே நெஞ்சக நோய்ப் பிரிவு ஒவ்வொன்றிலும் ஒரு மனநல ஆலோசகர் வேண்டும். கடந்த 2 வாரங்களில் மனம் சோர்ந்திருந்ததா, எதிலும் நாட்டம் குறைந்ததா என்ற இரண்டு கேள்விகள் நோயாளியின் சீட்டில் ஏற வேண்டும். இதற்காகத்தான் அலைகிறேன்.

தலைவர் மணியடித்துவிட்டார். மருந்துக்கு நேரமில்லை, மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் புகையை விடும்போது மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், சிலவற்றின் அளவை மாற்ற வேண்டிவரும். ஆலோசகர் வேண்டும் என்று கேட்கும் கையெழுத்துத் தாள் கதவோரம் இருக்கிறது. அங்கே நிற்கும் நண்பர்கள் வெளியே போகுமுன் முதல் கையெழுத்தைப் போடலாம்.