தண்ணீர் போட்ட பாதை

எல்லோருக்கும் வணக்கம்.

சுவிட்சர்லாந்து என்றதும் நமக்குப் பனிமலையும் சாக்லேட்டும்தான் நினைவுக்கு வரும். சினிமா டூயட்டுகள் செய்த வேலை அது. ஆனால் 2019-இல் அந்த நாடு வெளியிட்ட நூறு ஃபிராங்க் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். செங்குத்தான பாறையில் ஒட்டிக்கொண்டு போகும் மரவாய்க்கால் ஒன்று இருக்கும். 1442-இல் கட்டிய ஆயென் வாய்க்கால் அது. அந்த மாதிரி வாய்க்கால்களின் ஓரமாக நடப்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

இவை இருப்பது வாலே மாநிலத்தில், ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில். பிரெஞ்சு பேசுகிறவர்கள் இதை 'பீஸ்' என்பார்கள். ஆல்ப்ஸ் மலைக்குள் வாய்க்கால் எதற்கு என்று கேட்பீர்கள். இருபுறமும் நிற்கும் நாலாயிரம் மீட்டர் சிகரங்கள் மேகத்தை மறித்துவிடுகின்றன. சியோன் நகரத்தில் வருடத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான். சென்னையில் பெய்வதில் பாதிகூடத் தேறாது. மேய்ச்சல் புல்லும் திராட்சையும் வெயில் விழும் சரிவில் இருக்கின்றன. பனியாறு உருகிவரும் தண்ணீரோ பக்கத்து மலையிடுக்கின் அடியில் ஓடுகிறது. அதனால் மேலே போய், ஓடை பள்ளத்தில் இறங்குவதற்கு முன்பே மடக்கி, மலையைச் சுற்றி அழைத்துவந்தார்கள். வழியில் பாறை குறுக்கிட்டால்? பாறையில் துளை போட்டு, உத்திரம் செருகி, அதன்மேல் லார்ச் என்ற ஊசியிலை மரத்தில் செய்த தொட்டிகளை வரிசையாக வைத்தார்கள். கயிற்றில் தொங்கிக்கொண்டு செய்த வேலை. பக்கத்தில் ஒரே ஒரு பலகை, வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரர் நடக்க.

அந்தப் பலகைதான் இன்றைக்கு நாம் நடக்கும் பாதை. மலையேற்றம் என்றால் மூச்சு வாங்கும் என்று பயப்படுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். தண்ணீர் மெதுவாகப் போக வேண்டும் என்பதற்காக இறக்கம் மிகக் குறைவாக வைத்திருக்கிறார்கள். முட்டி வலிக்காது. தலை சுற்றலாம், அது வேறு விஷயம்.

தண்ணீரை நின்று பாருங்கள். தெளிவாக இருக்காது, அரிசி கழுவிய தண்ணீர் நிறம். பனியாறு அரைத்த பாறைமாவு அது. வயலில் படிந்தால் மண்ணுக்கும் நல்லது. வாய்க்காலில் கசிவு உண்டு. அந்தக் கசிவை நம்பித்தான் கரையில் மரமும் பூவும். அக்டோபரில் போனால் லார்ச் ஊசியிலைகள் மஞ்சளாகி உதிர்ந்து தண்ணீரில் மிதந்துவரும். ஆல்ப்ஸில் இலை உதிர்க்கும் ஊசியிலை மரம் அது ஒன்றுதான்.

தண்ணீரை முறை வைத்துப் பங்கிட்டார்கள். எந்தக் குடும்பத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதை மரக்குச்சியில் குறி வெட்டி வைத்தார்கள். நடுராத்திரியில் முறை வந்தாலும் மண்வெட்டியோடு போய்த்தான் ஆக வேண்டும். வசந்தம் வந்ததும், பனிச்சரிவு உடைத்த இடங்களை ஊரே சேர்ந்து சரிசெய்யும். இந்தப் பாசன அறிவை 2023-இல் யுனெஸ்கோ ஏழு ஐரோப்பிய நாடுகளின் மரபாகப் பட்டியலில் சேர்த்தது. சரி, பட்டியல் கிடக்கட்டும்.

சாவியேஸ் ஊர் வாய்க்காலுக்கு வருகிறேன். 1430 வாக்கில் கட்டியது. ஐந்நூறு வருடம் உழைத்தது. 1930-களில் மலையைக் குடைந்து சுரங்கம் போட்டபின் கைவிட்டார்கள். இப்போது தொங்குபாலங்கள் போட்டு நடக்க விட்டிருக்கிறார்கள். கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபோது எனக்குக் கால் கூசியது. அப்புறம்தான் காவல்காரரை நினைத்துக்கொண்டேன். அவருக்குத் தடுப்பு கிடையாது.

இந்த வாய்க்கால்களில் அந்தக் காலத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது. ஓடும் தண்ணீர் சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் ஒரு மரச்சுத்தியலைத் தூக்கிப் பலகையில் போடும். டொக், டொக் என்று ராத்திரி முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தத்தில்தான் காவல்காரர் குடிசையில் தூங்குவார். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வார். எங்கோ உடைந்திருக்கிறது. விளக்கை எடுத்துக்கொண்டு அந்தப் பலகைமேல் இறங்கி நடப்பார்.